நாற்பத்தொரு சதவீதம்

ஒரே டம்ளரைச் சின்னவள் மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அதைப் பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இவள், தம்பிக்கு அவள் என்று ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரே சமையலறையில் பதினொரு வருடம் தோள் இடித்துக்கொண்டு நின்றவர்கள். எதைக் கேட்பது, எதைத் தானாக வரட்டும் என்று விடுவது என்பது இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

அந்த ஆணை வந்து பத்து நாள் ஆகிறது. கல்வி அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்தவளே சின்னவள்தான். மை காயும் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து, "அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று காதைக் கடித்தவளும் அவள்தான். ஊரிலுள்ள பன்னிரண்டு மழலையர் மையங்களிலும் இனி ஓர் ஆசிரியைக்கு முப்பத்தைந்து பிள்ளைகள். உதவியாளர் வேலையே கிடையாது. நாலு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'தயார்நிலைத் தேர்வு'. அதில் பின்தங்கும் மையங்கள் பெரிய பள்ளிக்கூடத்தோடு இணைக்கப்படும். இணைப்பது என்றால் இங்கே பூட்டைத் தொங்கவிடுவது என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் தயார்நிலைத் தேர்வு தேவைப்படவில்லை.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, "என் பிள்ளைங்க மேல கை வைக்கறதுக்கு முன்னாடி என்கிட்டப் பேசிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தப் பேச்சு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்று ஏழாம் எண் மையத்தில், அதாவது டீச்சரின் மையத்தில், தேர்வு. சாயங்காலம் நாலு மணிக்கு நகரமன்றக் கூட்டம், ஆணை மீது வாக்கெடுப்பு. பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ஆறாவதாக டீச்சர் பெயர் கொடுத்திருந்தாள்.

"அக்கா." சின்னவள் ஒருவழியாகக் குழாயை மூடினாள். "சாயங்காலம் கூட்டத்துக்கு நீங்க வராதீங்க."

"ஏன்?"

"வராதீங்கன்னா வராதீங்களேன். மத்தவங்க பேசட்டும். நீங்க பேசணும்னு என்ன?"

"உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படறியா?"

சின்னவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு இன்னொரு முறை துடைத்தாள்.

"நான் உன் பேரை எங்கயும் இழுக்க மாட்டேன்" என்றாள் டீச்சர். "ஆனா வருவேன்."

---

மேற்பார்வையாளர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். பாய் மேல் சிதறிக் கிடந்த மரக்கட்டைகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார். சாமான்கள் வைக்கும் சின்ன அறையைத் தேர்வு அறையாக்கினார். ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. மேஜை மேல் இருபது படங்கள். கைபேசியில் இரண்டு நிமிட மணி.

"ஒவ்வொருத்தரா அனுப்புங்க. கதவைச் சாத்தணும். நீங்க கூட இருக்கக் கூடாது."

"முன்னப்பின்ன தெரியாத ஆளோட, சாத்தின ரூம்ல, நாலு வயசுப் பிள்ளைய விடச் சொல்றீங்க?"

"விதிமுறை அப்படித்தான் சொல்லுது டீச்சர்."

"விதிமுறை எழுதினவருக்குப் பிள்ளைங்க இருக்கா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கதவைப் பாதி திறந்து வைப்பது என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்.

முதலில் போனவள் குட்டி வக்கீல். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பவள் என்பதால் உதவியாளர் வைத்த பெயர் அது.

"இது என்ன?" மேற்பார்வையாளர் குடைப் படத்தைக் காட்டினார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் கேக்கறீங்க?"

வெளியே நின்ற உதவியாளர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குட்டி வக்கீல் அதோடு விடவில்லை. குடைக்கு ஏன் ஒரு கம்பி குறைகிறது, படம் வரைந்தவர் யார், அவருக்குக் குடை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இருபதுக்கு மூன்று மதிப்பெண். 'தயார்நிலையில் இல்லை.'

இரண்டாவதாகப் போனவன் பதினெட்டு வாங்கினான். மூன்றாமவள் பன்னிரண்டு.

நாலாவது தண்ணிக்காரன்.

அவன் இங்கே வந்து சேர்ந்து ஐந்து மாதம். முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஓரத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிதான் அவன் உலகம். குவளையில் மொள்வான், புனலில் ஊற்றுவான், மறுபடி மொள்வான். டீச்சர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு குவளையை எடுத்து ஊற்றுவாள். பேசச் சொல்லிக் கேட்டதே இல்லை. அந்த நேரமெல்லாம் மற்ற இருபத்தொரு பேரையும் உதவியாளர் பார்த்துக்கொள்வாள். போன மாதம் ஒரு நாள் அவனாகவே, "இதுல ஊத்தினா ஒசரமா வருது. அதுல ஊத்தினா பள்ளமா வருது. ஆனா தண்ணி அதே தண்ணிதான்" என்றான். ஒரே மூச்சில், தேய்ந்த சின்னக் குரலில். டீச்சர் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்த அறையிலிருந்து சத்தமே வரவில்லை. "இது என்ன?" பேச்சில்லை. "சரி, இது?" பேச்சில்லை. மணி அடித்தது. தண்ணிக்காரன் வெளியே வந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. கால் வழியாக இறங்கி, பாய் வரைக்கும் கோடு போட்டிருந்தது.

தூக்கிய உதவியாளரின் கழுத்தை அவன் இறுக்கிக்கொண்டான். அழவில்லை. அழுதிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் உள்ளே போய் மேஜை மேலிருந்த இருபது படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ரப்பர் வளையம் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு இது போதும் சார்."

"இன்னும் பதினெட்டுப் பேர் இருக்காங்க!"

"இருக்காங்க. விளையாடிட்டிருக்காங்க. அவங்களை நான் அனுப்ப மாட்டேன்."

"அரசு வேலையைத் தடுக்கறீங்க டீச்சர். யோசிச்சுப் பேசுங்க. நான் எழுத வேண்டியிருக்கும்."

"தாராளமா எழுதுங்க. பதிவேடு அந்த அலமாரியில இருக்கு, பேனாவும் நானே தர்றேன். நாலாவது பிள்ளை ஏன் கால்சட்டைய நனைச்சுதுன்னும் சேர்த்து எழுதுங்க."

அவர் பதிவேட்டை எடுத்தார். அரைப் பக்கம் எழுதினார். கால்சட்டை பற்றி எழுதினாரா என்று டீச்சர் எட்டிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு பார்த்தாள். எழுதவில்லை.

---

நகரமன்றக் கூடத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டுச் சுற்றின, காற்றுதான் வரவில்லை. பெற்றோர்கள் வேலை உடுப்போடேயே வந்திருந்தார்கள். தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பேருந்து ஓட்டுநரான டீச்சரின் கணவர் பணியை மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, மனைவியைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். ஜமாய் என்று அதற்குப் பொருள்.

மேடையில் மன்றத் தலைவி. அவருக்கு வலப்பக்கம் கல்வி இயக்குநர். ஓரத்தில் மடிக்கணினியோடு சின்னவள். திரையில் பக்கங்களை நகர்த்துவது அவள் வேலை. டீச்சர் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் குனிந்தவள்தான், நிமிரவே இல்லை.

இயக்குநர் நன்றாகப் பேசினார். சீர்திருத்தம், தரம், எதிர்காலம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஏழாவது பக்கம் வந்தது. 'தேர்வு முடிவுகள்: தயார்நிலை அற்றோர்' என்று தலைப்பு. கீழே மையங்களின் வரிசை. டீச்சர் தன் எண்ணைத் தேடினாள்.

மையம் 7: நாற்பத்தொரு சதவீதம்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. இருபத்திரண்டில் நாற்பத்தொரு சதவீதம் என்றால் ஒன்பது பேர். எந்த ஒன்பது பேர்? தேர்வுக்குப் போனதே நாலு பேர்தான். தோற்றது இரண்டு பேர்தான்.

அப்புறம் விளங்கியது. காலையில் மூன்று முறை கழுவப்பட்ட டம்ளரும் சேர்ந்து விளங்கியது.

இந்த எண்ணைப் பற்றிக் கேட்டால், இதை அடித்தது யார் என்ற கேள்வி வரும். அடித்தவள் அதோ மேடை ஓரத்தில், நெற்றியில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பிரசவத்தில் டீச்சருக்குத் துணை இருந்தவள். டீச்சரின் அப்பா காலமானபோது மூன்று நாள் தூங்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவள். உன் பேரை எங்கயும் இழுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து இன்னும் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை.

கேட்காமல் விட்டால் அந்த நாற்பத்தொன்றுதான் நிற்கும். குட்டி வக்கீல், தண்ணிக்காரன், அந்தப் பாய், அந்தத் தொட்டி எல்லாவற்றின் மேலும் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"ஆறாவது பேச்சாளர்" என்று அழைத்தார்கள்.

டீச்சர் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள்.

"முப்பத்தஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆள் போதும்னு சொல்றீங்க. சரி. ஒரு பிள்ளைக்கு மூக்குல ரத்தம் வருது. நான் அதைப் பார்க்கறேன். அதே நேரம் இன்னொண்ணு கழிப்பறையில இருந்து கூப்பிடுது. இன்னொண்ணு கேட்டைத் திறக்கப் பார்க்குது. மீதி முப்பத்திரண்டு பேர் என்ன பண்ணிட்டிருப்பாங்க? அய்யா, உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஏன்னா நான் பார்க்க முடியாது. என் பக்கத்துல உதவியாளர் இருக்கறதாலதான் நான் ஒரு பிள்ளை பக்கத்துல அரை மணி நேரம் உட்கார முடியுது. அந்த அரை மணி நேரம்தான் பாடம். மத்ததெல்லாம் காவல்."

பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது. தலைவி மேஜையைத் தட்டினார். "ஒரு நிமிஷம் இருக்கு."

"ஒரு கேள்விதான்." டீச்சர் திரையைக் காட்டினாள். மேடை ஓரத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை. சின்னவள் இப்போது நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க மையத்துல தேர்வு இன்னைக்குக் காலையிலதான் ஆரம்பிச்சுது. நாலு பிள்ளைங்களோட நான் நிறுத்திட்டேன். பதினெட்டுப் பேர் அந்த ரூம் பக்கமே போகல. அப்ப இந்த நாற்பத்தொண்ணை எந்த நாள்ல, யாரை எண்ணிக் கண்டுபிடிச்சீங்க?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அது உத்தேச மதிப்பீடு."

"தேர்வு முடிவுகள்னு தலைப்புப் போட்டிருக்கே?" என்றார் தலைவி, கண்ணாடியை இறக்கிவிட்டு.

"அப்படின்னா..." இயக்குநரின் கை மேடை ஓரத்தை நோக்கி நீண்டது. "தட்டச்சுப் பிழையா இருக்கும். எங்க ஊழியர் கவனக்குறைவா ஏதோ பழைய பட்டியலை..."

நாற்காலி பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது.

சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழை இல்ல மேடம்." குரல் கம்மியது. எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குக் கையால எழுதின பட்டியல் கொடுத்தாங்க. பன்னிரண்டு மையத்துக்கும் நம்பர் போட்டிருந்துது. தேர்வு எங்கயும் தொடங்கல. நான் கேட்டேன். அடிக்கச் சொன்னதை அடின்னாங்க. அடிச்சேன். அது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா தட்டச்சுப் பிழை கிடையாது." அவள் இயக்குநரைப் பார்த்தாள். "பதினஞ்சு வருஷமா டைப் அடிக்கறேன் சார். நான் பிழை விடமாட்டேன்."

அப்போது எழுந்த சத்தத்தை அடக்கத் தலைவிக்கு ஐந்து நிமிடம் ஆனது. தையல்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "பட்டியலைக் காட்டு!" என்று கத்தினார். டீச்சரின் கணவர் விசில் அடித்தார். அடித்துவிட்டு, யாரோ பக்கத்திலிருப்பவர் அடித்தது போலத் திரும்பிப் பார்த்தார்.

முடிவு என்று ஒன்று வரவில்லை. வாக்கெடுப்பு இரண்டு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. தேர்வுகள் மட்டும் ஆணைப்படி தொடரும் என்று இயக்குநர் அடம்பிடித்துச் சொன்னார். கூட்டம் கலையும்போது மேற்பார்வையாளர் வந்து டீச்சரின் கையில் ஓர் உறையைக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

விசாரணை முடியும் வரை ஏழாம் எண் மையத்துக்குள் நுழையக் கூடாது என்று அதில் இருந்தது.

சின்னவளுக்கு உறை இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு இயக்குநர் அறைக்கு வரவேண்டும் என்று வாய்வார்த்தையாகவே சொல்லியனுப்பினார்கள்.

---

வீட்டில் விளக்குப் போடும் நேரத்துக்கே கொழுந்தன் காத்துக்கொண்டிருந்தான். செய்தி அவர்களுக்கு முன்னாலேயே அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. மேஜை மேல் ஒரு வெள்ளைத் தாள். மன்னிப்புக் கடிதத்தை அவனே எழுதி வைத்திருந்தான். கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

"போடு" என்றான் மனைவியிடம். "உடம்பு சரியில்ல, தலை சுத்திச்சு, என்ன பேசினேன்னு தெரியலன்னு எழுதியிருக்கேன். நாளைக்குப் போனதும் கொடுத்துடு."

சின்னவள் தாளைப் படித்தாள்.

"எனக்குத் தலை சுத்தலையே."

"அண்ணி சொல்லிக் கொடுத்தாங்களா இதெல்லாம்?" அவன் டீச்சர் பக்கம் திரும்பினான். "அண்ணி, உங்க பிள்ளைங்க பிள்ளைங்கன்னு நீங்க போராடுங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா சபையில வச்சு இவளை மாட்டி விட்டுட்டீங்களே! கேட்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றாள் டீச்சர்.

"யோசிச்சுமா கேட்டீங்க?"

"ஆமா."

டீச்சரின் கணவர், "டேய், காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கத்து" என்றார். தம்பி காப்பியைத் தொடாமல் பின்கட்டுக்குப் போனான்.

அடுக்களையில் இரண்டு பேரும் நின்றார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தும் சின்னவள் அதன் முன்னாலேயே நின்றாள்.

"நீங்க கேட்காம இருந்திருக்கலாம்க்கா."

"இருந்திருக்கலாம்."

"வராதீங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன். நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும். வெள்ளிக்கிழமையிலேர்ந்து உங்க முகத்தைப் பார்க்க முடியல. சோறு இறங்கல."

"என் மேல கோவமா?"

சின்னவள் நேர்மையாக யோசித்தாள். "கோவம்தான்" என்றாள். "ரொம்பக் கோவம். ஆனா நாளைக்கே மறுபடி கேட்டாங்கன்னா அதையேதான் சொல்லுவேன். இது என்ன மாதிரிக் கோவம்னு எனக்கே புரியல."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தாள். சின்னவள் தட்டிவிடவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை. டீச்சரின் மனம் அந்த நேரத்திலும் மையத்துக்கே ஓடியது. நாளைக் காலை தண்ணிக்காரன் வருவான். தொட்டி பக்கத்தில் யார் உட்காருவார்கள்? உதவியாளர் ஒருத்தியாக இருபத்திரண்டு பேரோடு மல்லுக்கட்டுவாள். முப்பத்தைந்துக்கு ஒருத்தி என்பதை நாளைக்கே ஒத்திகை பார்க்க வைத்துவிட்டார்களே.

கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"டீச்சர், நான் மூணாம் நம்பர் மையத்துல வேலை பார்க்கறேன். கூட்டத்துல பின்னாடி நின்னுட்டிருந்தேன். எங்களுக்கு நாளைக்கு ஒன்பது மணிக்குத் தேர்வு." அந்தப் பெண்ணின் குரலில் பயமும் அவசரமும் கலந்திருந்தன. "திரையில எங்க நம்பரைப் பார்க்கறதுக்குள்ள பக்கத்தை மாத்திட்டாங்க. நாளைக்குத் தேர்வு தொடங்கறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் பலகையில பெருசா எழுதி வைக்கணும்னு பெத்தவங்க சொல்றாங்க. உங்களுக்குத் தெரியுமா? நீங்க வர முடியுமா?"

"வர்றேன்" என்றாள் டீச்சர் உடனே. "என்னை என் மையத்துக்குள்ளதான் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நம்பர்..."

அவள் நிறுத்தினாள். கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சின்னவளைப் பார்த்தாள். இந்த முறை அவளைக் கேட்காமல் ஒரு வார்த்தையும் சொல்வதாக இல்லை.

சின்னவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையை நீட்டினாள்.

"முப்பத்தெட்டு" என்றாள் கைபேசியில். "மூணாம் நம்பருக்கு முப்பத்தெட்டு. எழுதிக்கோங்க. அப்புறம், மத்த மையத்து டீச்சருங்க போன் நம்பர் உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க. பட்டியல் என்கிட்ட இல்ல, ஆனா நான் அடிச்சது எனக்கு மறக்காது. பன்னிரண்டும் மனப்பாடம்."

பின்கட்டுக் கதவருகே அசைவு தெரிந்தது. கொழுந்தன் எப்போது வந்து நின்றான் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே அடுத்த எண்ணைச் சொன்னாள். "ஒண்ணாம் நம்பருக்கு இருபத்தொன்பது."

அவன் மேஜை மேலிருந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்தான். கிழிக்கவும் இல்லை, அவளிடம் நீட்டவும் இல்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறிப் போனான்.